சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரைகள்: கடையில் விற்கும் அளவுக்குச் சட்டவரம்பு வேண்டுமா?

கேள்வி: மேலூர் மருந்தாளுநர்

அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பகுதியில் மருந்துக்கடை நடத்திவரும் பதிவுபெற்ற மருந்தாளுநர் நான். கடைக்காரர்கள், மருத்துவர்கள், துறையில் பணியாற்றியவர்கள் எனப் பலரும் இங்கே படிப்பதால், எங்கள் வட்டாரக் கடைகளில் சில காலமாகப் பேசப்பட்டுவரும் ஒரு விஷயத்தில் தெளிவு பெற விரும்பி இதை எழுதுகிறேன்.

மூக்கடைப்புக்கும் பீனிசத்துக்கும் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கிறது. அதே பொருள் தவறான கைக்குப் போனால் மெத்தாம்பெட்டமின் என்னும் கொடிய போதைப்பொருளுக்கு மூலப்பொருளாகிவிடுகிறது. இதை நாங்கள் எல்லோரும் கல்லூரியிலேயே படித்தவர்கள்தான். இருந்தாலும், 2024 மார்ச் மாதம் சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு ரயிலில் வந்த பயணி ஒருவரிடமிருந்து 30 கிலோ மெத்தாம்பெட்டமினை மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் மதுரை ரயில் நிலையத்தில் கைப்பற்றியபோதுதான், இது எங்கோ வடகிழக்கு எல்லையில் நடக்கும் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது எங்களுக்கு உறைத்தது.

அண்மையில் என் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். அவருக்குச் சளியோ மூக்கடைப்போ இருந்ததாகத் தெரியவில்லை. மாத்திரையின் பெயரை அவர் கேட்கவில்லை. நான் எடுத்து வைத்த அட்டையைத் திருப்பிப் பின்புறம் அச்சிட்டிருந்த மருந்துச் சேர்க்கையைத் தன் கைப்பேசியில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்த மருந்து உள்ளவை எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை, இருப்பில் உள்ள அட்டைகள் அனைத்தும் வேண்டும் என்றார். மருந்துச் சீட்டு கேட்டபோது, ஊரில் பலருக்கும் சேர்த்து வாங்குவதாகச் சொன்னார். பில் வேண்டாம் என்று அவராகவே சொன்னார். நான் கொடுக்க மறுத்தேன். அவர் வாக்குவாதம் எதுவும் செய்யாமல் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்.

என் மனத்தை உறுத்துவது அதுதான். ஒரு கடைக்காரர் மனசாட்சிப்படி மறுப்பதால் விற்பனை நின்றுவிடுவதில்லை, அடுத்த கடைக்கு நகர்கிறது, அவ்வளவே. அடுத்த கடைக்காரரும் கெட்டவர் அல்லர். கேட்டவர் யார், ஏற்கெனவே எத்தனை கடை ஏறி இறங்கினார் என்பதை அறிய அவருக்கு வழியில்லை.

எனவே நான் கேட்க விரும்புவது: ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை அட்டைக்கு மேல் விற்கக்கூடாது என்று நம் நாட்டுச் சட்டத்தில் வரம்பு ஏதும் உண்டா? இருப்பில் உள்ள மருந்தைக் கேட்பவருக்கு மறுப்பது விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமாகும் என்று சக கடைக்காரர் ஒருவர் சொல்கிறாரே, அது சரியா? அடையாள அட்டை கேட்க எனக்கு உரிமை உண்டா? இவற்றுக்கெல்லாம் மேலாக, அரசு இத்தகைய விற்பனைக்கு வரம்பு கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் கோரலாமா, அல்லது அது உண்மையான நோயாளிகளை அலைக்கழிக்குமா? உழவு வேலைக்கும் கல்குவாரி வேலைக்கும் போகிறவர்கள் தூசியால் மூக்கடைத்து வந்து நிற்கும்போது, ஓர் அட்டை மாத்திரைக்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்து வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. கவுன்டரில் தனியாக நிற்பவனுக்கு, இது என் விருப்பம் அல்ல, விதி என்று சுட்டிக்காட்ட ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளர், மதுரை

தம்பிக்கு வணக்கம். நீங்கள் மறுத்தது சரியான செயல். உங்கள் கேள்விகளில் முதல் மூன்றுக்கும் சட்டத்திலிருந்தே பதில் சொல்லிவிடலாம். நான்காவது கொள்கை பற்றியது என்பதால் அதற்கு என் அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

இந்தப் பொருளின் மீது இரண்டு சட்டங்கள் கை வைக்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, எபெட்ரினையும் சூடோஎபெட்ரினையும் முதல் அட்டவணையில் சேர்த்து, அவற்றின் நடமாட்டத்தைக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பை உறுப்பு நாடுகளுக்கு அளித்தது. அதற்கேற்ப நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தில் 9ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 1993இல் முதலில் ஓர் ஆணையும், பின்னர் அதற்கு மாற்றாக 2013இல் விரிவான ஆணையும் வந்தன. சூடோஎபெட்ரினை மூலப்பொருளாகத் தயாரிப்பவரும் வாங்கி விற்பவரும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தில் பதிவு எண் பெற வேண்டும், அன்றாடக் கணக்கு எழுத வேண்டும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்கு அனுப்ப வேண்டும். இந்த ஆணையை மீறினால் 25ஏ பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால், அதே பொருள் மாத்திரையாகி அட்டையில் அடைக்கப்பட்டு உங்கள் அலமாரிக்கு வந்துவிட்டால், அன்றாட விற்பனையைப் பொறுத்தவரை உங்களைக் கட்டுப்படுத்துவது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும்தான். ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை கிராம், மாதத்துக்கு இத்தனை அட்டை என்ற கணக்கு அவற்றில் இல்லை. நீங்கள் தேடும் வரம்பு இன்றைக்கு நம்மிடம் இல்லை என்பதே நேரடியான பதில்.

வரம்பு இல்லையே தவிர, வழிமுறை இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடும் ஆர்எக்ஸ் குறியும் ஷெட்யூல் எச் எச்சரிக்கையும் அச்சிட்டிருந்தால் மருந்துச் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகக்கூடாது. அந்தச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை 65ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது: மருத்துவரின் கையெழுத்தும் தேதியும், நோயாளியின் பெயரும் முகவரியும், கொடுக்க வேண்டிய மொத்த அளவும் அதில் இருக்க வேண்டும். மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. கொடுத்த பிறகு உங்கள் கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றைச் சீட்டிலேயே குறித்துத் தர வேண்டும். இந்த ஒரு வேலையை மதுரை மாவட்டக் கடைகள் அனைத்தும் ஒழுங்காகச் செய்தாலே, ஒரே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறுவது பெருமளவு நின்றுவிடும். நான் பணியில் இருந்தபோது சோதனைக்குப் போன கடைகளில் மிகுதியாக விடுபட்டிருந்தது இந்த முத்திரைதான்.

விலைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. 2013ஆம் ஆண்டின் ஆணையில், இருப்பில் உள்ள மருந்தை வாங்க வரும் வாடிக்கையாளருக்கு வணிகர் மறுக்கக்கூடாது என்று 28ஆவது பத்தி சொல்கிறது. ஆனால் அந்தப் பத்தி தொடங்கும்போதே, 1940ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதன் விதிகளுக்கும் உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. சீட்டு தேவைப்படும் மருந்தைச் சீட்டில்லாமல் கேட்டவருக்கு மறுத்ததற்காக யாரும் உங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. அடையாள அட்டையை நீங்கள் கேட்கலாம். அவர் காட்ட மறுத்தால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

இனி என் கருத்து. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச்1 பட்டியலில், தொடக்கத்தில் 46 மருந்துகள் இருந்தன. அல்பிரசோலம், டிரமடால், கோடீன் போன்றவை அதில் உண்டு. அவற்றை விற்கும்போது மருத்துவரின் பெயர் முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரைகளையும் இதேபோன்ற பதிவேட்டு முறைக்குள் கொண்டுவந்து, ஒருமுறைக்கு இவ்வளவு என்ற உச்ச அளவையும் சேர்த்தால் போதுமானது. ஷெட்யூல் எக்ஸில் போட வேண்டும் என்று சிலர் கோருவதை நான் ஏற்கவில்லை. அதற்குத் தனி உரிமம் வேண்டும், இரண்டு பிரதிகளாகச் சீட்டு வேண்டும், ஒரு பிரதியை இரண்டு ஆண்டுகள் கடையில் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கிராமத்துக் கடைகள் அந்த மருந்தை வாங்கி வைப்பதையே நிறுத்திவிடும்.

பதில்: காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்த விவாதங்களில் அவர் குரல்தான் கடைசியாக வருகிறது.

சூடோஎபெட்ரின் சளியைக் குணப்படுத்துவதில்லை. மூக்கின் உட்புறத்தில் வீங்கியிருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை விடுவிக்கிறது. சில நாள்களுக்கு மட்டுமே தேவைப்படும் மருந்து அது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அதனால் தொல்லை வரும். ஐரோப்பிய மருந்து முகமை 2023, 2024ஆம் ஆண்டுகளில் இதை மறு ஆய்வு செய்து, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமும் கடுமையான சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் இதை உட்கொள்ளக்கூடாது என்று எச்சரித்திருக்கிறது. ஆகவே போதைப்பொருள் பிரச்சினை என்ற ஒன்றே இல்லாவிட்டாலும், கேள்வி எதுவும் கேட்காமல் அட்டை அட்டையாக எடுத்துக் கொடுக்கத் தக்க மருந்து அல்ல இது.

மேலூர் நண்பர் அஞ்சுவது போல ஓர் அளவு வரம்பு நோயாளியை வருத்துமா? வருத்தாது என்றே நினைக்கிறேன். ஒருவருக்கு ஒருமுறை வரும் சளிக்கு ஓர் அட்டை, மிஞ்சினால் இரண்டு அட்டை போதும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் அது வெறும் சளி அல்ல. அவர் என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து மூக்கைக் காட்ட வேண்டிய நேரம் அது. எனவே இரண்டு அட்டை என்று வரம்பு வைத்தால், அதனால் மருந்து கிடைக்காமல் போகும் உண்மையான நோயாளி ஒருவரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் தயங்குவது, கட்டுப்பாடு கடுமையாகி மருந்தே கடைகளிலிருந்து மறைந்துவிடும் நிலையை எண்ணித்தான். அமெரிக்காவில் சூடோஎபெட்ரினைக் கவுன்டருக்குப் பின்னால் கொண்டுபோனபோது, பல நிறுவனங்கள் அதற்குப் பதிலாக பினைல்எப்ரினைச் சேர்த்து மாத்திரை செய்து வெளியே அடுக்கின. வாய்வழி உட்கொள்ளும் பினைல்எப்ரின் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அந்நாட்டு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. ஏறத்தாழ 17 ஆண்டுகள் மக்கள் பயனற்ற ஒன்றைப் பணம் கொடுத்து விழுங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் சளிக்கென்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதே பினைல்எப்ரின்தான். அதைக் குளோர்பெனிரமின் என்னும் ஒவ்வாமை மருந்தோடு சேர்த்த குறிப்பிட்ட கலவையை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அறிவுறுத்தியது.

மாத்திரை கிடைக்காதவர் அடுத்து நாடுவது மூக்குச் சொட்டு மருந்தை. சைலோமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகளை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்து விடாதபோது முன்பைவிட மோசமாக மூக்கு அடைத்துக்கொள்ளும். என் புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர்களில் சிலர், சட்டைப்பையில் அந்தக் குப்பி இல்லாமல் இரவு தூங்க முடியாது என்ற நிலையில் வருகிறார்கள். மாத்திரையைக் கட்டுப்படுத்துகிறோம் என்று இத்தகையவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடக் கூடாது.

என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சீட்டில் மாத்திரையின் பெயரை மட்டும் கிறுக்கிவிட்டு எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று எழுதாமல் விட்டால், கவுன்டரில் நிற்பவரால் எதைக் கொண்டு அளவை முடிவு செய்ய முடியும்?

பதில்: மருந்து மொத்த விற்பனையாளர், தென்மாவட்டங்கள்

மேலே எழுதியவர்கள் அனைவர் மீதும் மதிப்பு உண்டு. இருந்தாலும் இந்தப் பேச்சு முழுவதும் சில்லறைக் கடையின் கவுன்டரிலேயே நிற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பெரிய கசிவு எங்கே நடந்திருக்கிறது என்று பாருங்கள். 2016இல் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையிலிருந்தே டன் கணக்கில் எபெட்ரின் கைப்பற்றப்பட்டது. மணிப்பூரின் மோரே எல்லை வழியாக மியான்மருக்குக் கடத்தப்பட்டதாகப் பிடிபட்ட சளி மாத்திரைகள் பெட்டி பெட்டியாக, மூட்டை மூட்டையாகப் போனவை. ஒரு கடையில் இரண்டு அட்டை, இன்னொரு கடையில் மூன்று அட்டை என்று பொறுக்கிச் சேர்த்தவை அல்ல. 2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎபெட்ரின் சிக்கியபோது, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகவிருந்த சத்துமாவிலும் தேங்காய்த் துருவலிலும் அதை மறைத்து அனுப்பிவந்தது தெரியவந்தது. மண்டபம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த மாத்திரைகள் பிடிபடும் செய்திகளை மாதந்தோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். அவ்வளவு சரக்கு சில்லறைக் கடையின் அலமாரியில் இருக்கவே இருக்காது.

மொத்த வணிகத்தில் எனக்குத் தெரிந்த முறைகேடு ஒன்றைச் சொல்கிறேன். உரிமம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், கடை மட்டும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். அந்த உரிம எண்ணுக்குப் பில் போடப்படும், சரக்கு வழியிலேயே வேறு வண்டிக்கு மாறிவிடும். காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அந்தச் சிற்றூருக்கு இத்தனை அட்டை ஏன் போகிறது என்று யாராவது கேட்க வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் க்யூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. போலி மருந்தா என்று சரிபார்க்க அது உதவும், ஆனால் அந்த பேட்ச் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அது சொல்லாது. மூலப்பொருள் கலந்த மாத்திரைகளுக்காவது, தொழிற்சாலை முதல் கடை வரை ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகும் முறை வந்தால் நானே முதலில் வரவேற்பேன். இணையவழி விற்பனைக்கு 2018இல் வரைவு விதிகள் வெளியிட்டார்கள். அவை இறுதி வடிவம் பெறாமலே கூரியரில் மருந்து போய்க்கொண்டிருக்கிறது.

மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்காமல், கவுன்டரில் நிற்பவருக்கு மேலும் ஒரு பதிவேட்டைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளர், மதுரை

மொத்த விற்பனையாளர் சொன்ன பூட்டிய கடைகளை நானும் பார்த்திருக்கிறேன். அவர் கோரும் தொடர்ப்பதிவு அவசியம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலே அடைத்தால் கீழே தேவையில்லை என்ற முடிவுக்கு நான் வர மாட்டேன். மொத்த வழி இறுகும்போது, கேட்பவர்கள் சில்லறைக் கடைகளைத் தேடித்தான் வருவார்கள். டாபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரைகளை இளைஞர்கள் போதைக்குத் தேடி அலைவது நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் கடைக்காரர்கள் அனைவரும் அறிந்ததே. அவர்கள் வந்து நிற்பது மொத்தக் கிடங்கின் வாசலில் அல்ல. பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் மருந்துக்கடைகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்த உத்தரவிட்டதற்கு அதுதான் காரணம். கேமரா ஆளைக் காட்டும். அவர் அதற்குமுன் எத்தனை கடையில் வாங்கினார் என்பதைக் காட்டாது.

பதில்: மதுரையிலிருந்து பிரிஸ்பேனுக்கு வந்த மருந்தாளுநர்

மேலூர் அண்ணனுக்கு வணக்கம். மதுரையில் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். நீங்கள் கேட்டது எங்கள் கடையில் அன்றாடம் நடப்பது என்பதால் அதை விளக்கினால் பயன்படும் என்று நினைக்கிறேன்.

2005இல் இந்த மாநிலத்தில்தான் மருந்துக்கடைக்காரர்களின் சங்கம் ஒரு கணினிப் பதிவு முறையைத் தொடங்கியது. சூடோஎபெட்ரின் கேட்டு ஒருவர் வந்தால் அவருடைய புகைப்பட அடையாள அட்டையை வாங்கி எண்ணைக் கணினியில் பதிகிறேன். அவர் அண்மையில் வேறு எந்தக் கடையிலாவது அதே மருந்தை வாங்கியிருந்தால் திரையில் உடனே தெரிந்துவிடும். அதைப் பார்த்து, அவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு, கொடுப்பதா மறுப்பதா என்று நான் முடிவு செய்கிறேன். இரண்டில் எதுவானாலும் பதிவாகிறது. உங்கள் எதிர்க்கடைக்காரர் இருட்டில் நிற்பதாகச் சொன்னீர்களே, அந்த இருட்டை விலக்குவதுதான் இந்த முறையின் முழு நோக்கமும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. வந்தவர் மிரட்டுகிறார், கடையில் நான் தனியாக இருக்கிறேன் என்றால், மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, என் பாதுகாப்பைக் கருதி விற்றேன் என்று பதிவதற்குத் தனி வழி வைத்திருக்கிறார்கள். கவுன்டரில் நிற்பவரை வீரனாக இருக்கச் சொல்லாத விதியைத்தான் எல்லோராலும் கடைப்பிடிக்க முடியும். இரவு பத்து மணிக்கு ஒற்றைப் பெண் மருந்தாளுநர் நிற்கும் கடைகள் நம் ஊரிலும் இருக்கின்றன.

அமெரிக்காவின் அனுபவம் வேறு வகையில் பாடமானது. மெத்தாம்பெட்டமின் பரவலைத் தடுப்பதற்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை 2006இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3.6 கிராம், 30 நாள்களுக்கு 9 கிராம் என்று வரம்பு வைத்தார்கள். அடையாள அட்டை, கையெழுத்து, பதிவேடு எல்லாம் கட்டாயம். வீடுகளிலும் வண்டிகளிலும் இருந்த சிறு மெத்தாம்பெட்டமின் தயாரிப்புக் கூடங்கள் முதலில் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பல இடங்களில் பதிவேடு காகிதத்தில் இருந்தது, ஒரு கடையின் ஏடு மற்றொரு கடைக்குத் தெரியாது. ஆள்களைக் கூட்டமாக அனுப்பி, ஒவ்வொருவரும் வரம்புக்குள் நின்று வாங்கும் பழக்கம் கிளம்பியது. அதன்பிறகுதான் கடைகளைக் கணினியால் இணைத்தார்கள். ஆய்வாளர் ஐயா சொல்லும் எச்1 பதிவேட்டிலும் இதே குறை இருக்கிறது என்பதைப் பணிவோடு குறிப்பிட விரும்புகிறேன்: மூன்று ஆண்டுகள் பத்திரமாக இருக்கும், ஆனால் அடுத்த கடைக்கு அது பேசாது.

ஒரேகான் மாநிலம் இன்னும் ஒரு படி போய் 2006இல் மருந்துச் சீட்டைக் கட்டாயமாக்கியது. மிசிசிப்பி 2010இல் அதைப் பின்பற்றியது. தயாரிப்புக் கூடங்கள் குறைந்தன; ஒரேகானைப் பொறுத்தவரை, சீட்டு கேட்காத அண்டை மாநிலங்களிலும் அவை குறைந்ததால் எதனால் குறைந்தது என்ற வாதம் ஓயவில்லை. இரண்டு மாநிலங்களும் 2022 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. நியூசிலாந்தும் 2011இல் மருந்துச் சீட்டைக் கட்டாயமாக்கி 2024இல் தளர்த்தியது. இதற்கிடையில் மெத்தாம்பெட்டமின் ஒழிந்துவிடவில்லை. அமெரிக்காவுக்கு மெக்சிகோவிலிருந்து வந்தது. மெக்சிகோ சூடோஎபெட்ரினைத் தடை செய்ததும் அங்கிருந்த கும்பல்கள் வேறு வேதிப்பொருள்களுக்கு மாறிக்கொண்டன. மொத்த விற்பனையாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆயினும், குடியிருப்புகளுக்கு நடுவே நச்சுப்புகை கக்கித் தீப்பிடித்த கூடங்கள் குறைந்ததும், அவற்றில் அகப்பட்ட குழந்தைகள் தப்பியதும் சிறிய பயன் அல்ல. கவுன்டரில் வைக்கும் வரம்பால் எதைச் சாதிக்க முடியுமோ அதற்காக அதை வைக்கலாம்.

பதில்: மேலூர் மருந்தாளுநர்

ஐயாவுக்கும் மருத்துவருக்கும் மற்ற இருவருக்கும் என் நன்றி. எங்கள் வட்டாரக் கடைக்காரர்கள் கூடி இதைப் படித்தோம். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் எங்களால் இயன்ற அளவில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இந்த மருந்து உள்ள மாத்திரைகளை இனிச் சீட்டின்பேரில் மட்டும், இரண்டு அட்டைக்கு மிகாமல், பெயர் எழுதிய பில்லோடுதான் கொடுப்போம். சீட்டில் கடை முத்திரை கட்டாயம். எல்லாக் கடைகளிலும் ஒரே வாசகத்தில் தமிழில் அறிவிப்புப் பலகை வைக்கிறோம். அது தனி ஒருவரின் மறுப்பாகத் தெரியாது என்பதால் தகராறும் குறையும். கடைகளை இணைக்கும் கணினிப் பதிவு வேண்டும், தொழிற்சாலை முதல் கடை வரை தொடர்ப்பதிவு வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் வழியாக அரசுக்கு அனுப்புகிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. இப்படி மொத்தமாகக் கேட்டு வருபவரின் படத்தையும் பெயரையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு மற்றக் கடைகளை எச்சரிக்கலாம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளர், மதுரை

படமும் பெயரும் வேண்டாம் தம்பி. வந்தவர் உண்மையிலேயே தன் குடும்பத்துக்காக வாங்க வந்தவராக இருந்தால், ஊர் முழுக்க அவரைக் குற்றவாளியாக்கிய பழி உங்கள் மீது விழும். அதற்குச் சட்டத்திலும் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. இந்த மருந்தை இன்று இந்த நேரத்தில் இத்தனை அட்டை கேட்டார்கள் என்று மட்டும் குழுவில் போடுங்கள், மற்றக் கடைகள் விழிப்பாக இருக்க அது போதும். ஆளைப் பற்றிய விவரத்தையும் கேமரா பதிவையும் உங்கள் சரக மருந்து ஆய்வாளரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் 1933 என்ற இலவச எண்ணிலும் தகவல் சொல்லலாம். வந்தவர் விற்பவராக இல்லாமல் பழக்கத்துக்கு அடிமையானவராகத் தெரிந்தால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைப் பில்லின் பின்புறம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கோரிக்கை மனுவோடு, உங்கள் கடைகளுக்கு இந்த மருந்து ஓராண்டில் எவ்வளவு வந்தது, சீட்டின்பேரில் எவ்வளவு போனது என்ற கணக்கைக் கொள்முதல் பில்களிலிருந்து எடுத்து இணையுங்கள். ஒரு வட்டாரத்தின் உண்மையான தேவை எவ்வளவு என்று காட்டும் தாள் கையில் இருந்தால், அதைவிடப் பல மடங்கு சரக்கு வேறு எந்த உரிமத்துக்குப் போகிறது என்று அவர்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மனுவை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். விதி எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.